வளரக் கூடாத சிங்கக்குட்டி

அசையும் கோடுகள்: ஜப்பானியச் சித்திரப்பட வரலாறு – 9

1965 அக்டோபர் 6, புதன்கிழமை. ஃபுஜி தொலைக்காட்சியில் ஒசாமு டெசுகாவின் ‘ஜங்குரு தைத்தே’ தொடரின் முதல் அத்தியாயம் ஒளிபரப்பானது. பெயருக்குக் ‘காட்டுப் பேரரசன்’ என்று பொருள். வெள்ளைச் சிங்கம், பசும்புல், அந்தி வானம் என ஒவ்வொரு செல் தாளிலும் வண்ணம் தீட்டியிருந்தார்கள். ஓராண்டு தொடர்ந்து ஓடிய முதல் வண்ண அனிமேத் தொடர் ஜப்பானில் இதுதான். ஆனால் அன்று அதைப் பார்த்த ஜப்பானியக் குழந்தைகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் அது கறுப்பு வெள்ளையாகவே தெரிந்தது. அப்போது அந்நாட்டில் நூற்றில் ஒரு வீட்டில்கூட வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. வண்ணம் என்றால் கூடுதல் சாயம், கூடுதல் படச்சுருள், கூடுதல் ஆட்கள், கூடுதல் நேரம். பார்க்க ஆளில்லாத வண்ணத்துக்கு ஒரு சிறிய நிறுவனம் ஏன் இத்தனை செலவு செய்தது?

விடை பசிபிக் கடலுக்கு அப்பால் இருந்தது. அமெரிக்காவின் என்பிசி, வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி செய்து விற்ற ஆர்சிஏ குழுமத்தைச் சேர்ந்தது. அந்த 1965-இல்தான் அது தன் மாலை நேர நிகழ்ச்சிகளை ஏறத்தாழ முழுவதுமாக வண்ணத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தது. அதன் விற்பனைக் கிளையான என்பிசி எண்டர்பிரைசஸ், டெசுகாவின் அடுத்த தொடரை வாங்க ஆயத்தமாக இருந்தது. அது கேட்டது வண்ணப் படம். மங்காவாகத் தொடங்கிய கதை உள்நாட்டில் அனிமேயாகி, அங்கே வெற்றி பெற்ற பிறகு வெளிநாட்டுக்குப் போனது என்றுதான் இந்த வரலாறு வழக்கமாகச் சொல்லப்படுகிறது. வீட்டுக்கு எடுத்ததுபோக மிஞ்சிய நெல்லைச் சந்தைக்கு ஏற்றியதைப் போன்ற கதை அது. 1963 முதல் 1967 வரையிலான கணக்குகளை வைத்துப் பார்க்கையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதைக்கும் வேளையிலேயே வெளிநாட்டு வியாபாரி வரப்பில் வந்து நின்றுவிட்டார். எதை விதைப்பது, எவ்வளவு வளர விடுவது என்பதில் அவர் சொல்லும் சேர்ந்துகொண்டது. இந்தப் பகுதியில் நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

டெசுகாவுக்கு முன்பே ஜப்பானியச் சித்திரப்படங்கள் அமெரிக்காவுக்குப் போயின என்பதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். தோயே நிறுவனம் 1958-இல் எடுத்த ‘ஹாக்குஜாடென்’ என்ற வெண்பாம்புக் கதையும், டெசுகாவின் சுன் வுகோங் மங்காவை வைத்து 1960-இல் எடுத்த ‘சையூக்கி’யும் 1961-இல் அங்கே திரையிடப்பட்டன. இரண்டாவது படம் ‘அலக்கசாம்’ என்று பெயர் மாறி, அமெரிக்கப் பாடகர்களின் குரலோடு வெளிவந்தும் எதிர்பார்த்த வசூல் கிடைக்கவில்லை. திரையரங்கு வழி அடைபட்டது. தொலைக்காட்சி வழி திறந்தது 1963-இல்.

அந்த வழியைத் திறந்தவன் ஆட்டம் என்ற எந்திரச் சிறுவன். ‘டெட்சுவான் ஆட்டம்’ 1952 முதல் ‘ஷோனென்’ மாத இதழில் வந்துகொண்டிருந்த மங்கா. டெசுகா தொடங்கிய முஷி புரொடக்‌ஷன் அதைத் தொலைக்காட்சித் தொடராக்கியது. 1963 ஜனவரி முதல் நாள் ஃபுஜி தொலைக்காட்சியில் முதல் அத்தியாயம் வந்தது. ஓர் அத்தியாயத்தை 5.5 லட்சம் யென்னுக்கு டெசுகா விற்றார், எடுக்க ஆன செலவு ஏறத்தாழ 25 லட்சம் யென் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. உண்மையில் கைக்கு வந்தது இதைவிடக் கூடுதல் என்று பின்னாளைய ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். எந்தத் தொகையை எடுத்துக்கொண்டாலும் விலை செலவுக்குக் கீழேதான் இருந்தது. அது எங்கிருந்து வந்த விலை என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றைய ஜப்பானியத் தொலைக்காட்சியில் ‘பாப்பாய்’, ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ போன்ற அமெரிக்கச் சித்திரப்படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சொந்த நாட்டிலேயே போட்ட முதலை எடுத்துவிட்ட படங்கள் என்பதால் அவற்றைக் குறைந்த விலைக்கு விற்க முடிந்தது. நிலையத்தார் கண்முன் இருந்த ஒப்பீடு அவைதான். ஆக, அனிமே இன்னும் ஏற்றுமதியாகத் தொடங்காத நாளிலேயே அதன் விலையை உலகச் சந்தைதான் தீர்மானித்தது. வரப்பில் வந்து நின்றவரின் முதல் நிழல் இது.

அந்த விலைக்குள் வாரம் ஓர் அத்தியாயம் எடுக்க என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டங்கள். 25 நிமிடத்துக்கு 36,000 சட்டங்கள். இரண்டு சட்டத்துக்கு ஒரு படம் என்று வரைந்தால்கூட 18,000 படங்கள் வேண்டும். முஷியில் மூன்று சட்டத்துக்கு ஒரு படம் என்று வைத்துக்கொண்டார்கள், அதுவும் அசைவு இருக்கும் இடத்தில் மட்டும். ஓர் அத்தியாயத்தை 2,000 படங்களுக்குள் முடித்துவிடப் பார்த்தார்கள். ஆட்டம் பேசும்போது தலை அசையாது, வாய் மட்டும் மூன்று நிலைகளில் மாறும். ஓடும்போது அவன் கால்கள் ஒரே சுழற்சியில் வர, பின்னணித் தாளை யாராவது மெல்ல இழுப்பார்கள். அதிர்ச்சிக் காட்சியில் ஒரே ஓவியத்தை நிறுத்தி வைத்துவிட்டு, கேமராவை அதன் முகத்தருகே கொண்டுபோவார்கள். கைகளை முன்னே நீட்டி வானில் பறக்கும் ஆட்டத்தின் செல் தாள்களைக் கழுவி எறியாமல் எண் போட்டு அடுக்கி வைத்தார்கள். அடுத்த வாரம் வேறொரு வானத்தின் மேல் அதே தாளை வைத்துப் படம் பிடித்தார்கள். அந்தச் சேமிப்புக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பேங்க்’.

இந்தச் சிக்கனம் மங்கா இல்லாமல் நடந்திருக்காது. அசைவு குறைந்த படத்தைக் கதைதான் தாங்க வேண்டும். பத்தாண்டுக்கு மேலாக மாதந்தோறும் வந்த மங்காவில் கதை இருந்தது, பாத்திரங்களின் முகம் இருந்தது, கட்டங்களை எந்தக் கோணத்தில் வைப்பது என்ற தீர்மானமும் இருந்தது. நிறுத்தி வைத்த ஓவியம் கண்ணுக்கு உறுத்தாமல் போனதற்குக் காரணம், அந்த ஓவியத்தை அசையாத நிலையிலேயே ரசித்துப் பழகிய வாசகர்கள் லட்சக்கணக்கில் இருந்ததுதான். மங்காவை அனிமே ஆக்குவது என்ற வழக்கம் ஒரு கலைக்கொள்கையாகத் தொடங்கவில்லை. அது முதலில் ஒரு செலவுக் கணக்கு. வாரத் தொலைக்காட்சியின் பசி பெரிது. சிறிது காலத்துக்குள் மங்காக் கதைகள் தீர்ந்துபோய், முஷியின் எழுத்தாளர்களே புதிய கதைகள் எழுத வேண்டியதாயிற்று.

பற்றாக்குறையை நிரப்பிய முதல் பணப்பை மிட்டாய்க் கடையிலிருந்து வந்தது. விளம்பரதாரரான மெய்ஜி நிறுவனம், அட்டைக் குழலில் அடைத்து விற்ற மார்பிள் சாக்லேட்டோடு ஆட்டத்தின் ஒட்டுப்படத்தையும் கொடுத்தது. குழந்தைகள் அதைப் பென்சில் பெட்டியிலும் புத்தகப் பையிலும் ஒட்டிக்கொண்டார்கள். சாக்லேட் விற்பனை ஏறியது, முஷிக்கு உரிமைத் தொகை வந்தது. மற்றவர்கள் இதைக் கண்டுகொள்ள ஓராண்டுகூட ஆகவில்லை. 1963 அக்டோபரில் மிட்சுதெரு யோகோயாமாவின் மங்காவிலிருந்து வந்த ‘டெட்சுஜின் 28’க்கு கிளிக்கோ விளம்பரதாரர். நவம்பரில் தோயே தொடங்கிய ‘ஓநாய்ச் சிறுவன் கென்’னுக்கு மொரினாகா. ஜப்பானின் மூன்று பெரிய மிட்டாய் நிறுவனங்களும் ஒரே ஆண்டில் மூன்று தொடர்களுக்குப் பின்னால் வந்து நின்றன.

இரண்டாவது பணப்பை டாலர். என்பிசி எண்டர்பிரைசஸ் ‘ஆட்டம்’ தொடரின் 52 அத்தியாயங்களை வாங்கியது. ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்ற பெயரில் 1963 செப்டம்பரில், அதாவது ஜப்பானில் தொடர் தொடங்கி ஒன்பது மாதத்துக்குள், அமெரிக்காவின் உள்ளூர் நிலையங்களில் அது வரத் தொடங்கியது. அத்தியாயத்துக்குப் பத்தாயிரம் டாலர் என்பதுதான் பல நூல்களில் காணப்படும் தொகை. ஒரு டாலருக்கு 360 யென் என்று மாற்று விகிதம் நிலையாக இருந்த காலம் அது. கணக்குப் போட்டால் 36 லட்சம் யென் வருகிறது. தரகும் மற்றச் செலவும் போகத்தான் மீதி கைக்கு வரும். ஆனாலும் தயாரிப்புச் செலவென்று சொல்லப்படும் 25 லட்சத்தோடு இதை வைத்துப் பார்த்தால், உள்நாட்டில் விழுந்த ஓட்டையை அடைக்கும் வலு எங்கே இருந்தது என்பது விளங்கும்.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாகவே எழும். டெசுகா விலை பேசியபோது என்பிசி காட்சியிலேயே இல்லை. அமெரிக்க விற்பனை பிறகு வந்து சேர்ந்த அதிர்ஷ்டம். அப்படியிருக்க, வெளிநாட்டு வியாபாரி முதலிலிருந்தே அங்கே நின்றார் என்று எப்படிச் சொல்ல முடியும்? ‘ஆட்டம்’ தொடரின் முதல் மாதங்களைப் பொறுத்தவரை இந்த மறுப்பை ஏற்கிறேன். அந்த விற்பனை திட்டமிட்டதல்ல. ஆனால் எதிர்பாராமல் கிடைத்த வரவு அடுத்த பட்ஜெட்டில் எதிர்பார்க்கும் வரவாக மாற எவ்வளவு காலம் ஆயிற்று என்பதுதான் கேள்வி. இரண்டே ஆண்டுகள் ஆயின. ‘ஜங்குரு தைத்தே’ தொடங்கும்போது அமெரிக்க விற்பனை வரவுப் பட்டியலின் முதல் வரியில் இருந்தது. வண்ணமே அதற்குச் சான்று. உள்நாட்டுக் குழந்தையை மட்டும் மனத்தில் வைத்தவர் யாரும் 1965-இல் வண்ணத்தில் எடுத்திருக்க மாட்டார்.

வாங்கியவர்களின் கைரேகை முதலில் விழுந்தது பெயர்களில். டப்பிங் பொறுப்பை ஏற்றிருந்த ஃபிரெட் லாடுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. கதையைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டு, வாயசைவுக்கும் காட்சிக்கும் பொருந்த ஆங்கில வசனம் எழுதிக்கொண்டார்கள். ஆட்டத்தைக் காக்கும் பேராசிரியர் ஒச்சானோமிசு. அது தோக்கியோவில் உள்ள ஒரு வட்டாரத்தின் பெயர். கேட்டவுடன் ஜப்பானியக் குழந்தைக்குக் கல்லூரிகளும் ரயில் நிலையமும் நினைவுக்கு வரும். அவருடைய பருத்த மூக்கைப் பார்த்த அமெரிக்கர்கள் ஆங்கிலத்தில் யானையைக் குறிக்கும் சொல்லை ஒட்டி ‘டாக்டர் எலிஃபன்’ என்று பெயரிட்டார்கள். தங்கை ஊரான் ‘ஆஸ்ட்ரோ கேர்ள்’ ஆனாள். குழந்தைகளுக்குப் பொருந்தாது என்று சில அத்தியாயங்களையே தள்ளிவைத்தார்கள். கிறிஸ்துவின் சிலையொன்று கதையில் முக்கிய இடம் பெறும் அத்தியாயம் அவற்றில் ஒன்று. பார்த்த அமெரிக்கக் குழந்தைகளில் பலருக்கு இது ஜப்பானில் எடுத்த படம் என்பதே தெரியாது.

இதனால்தான் ஜப்பானிய ஓவிய அழகே உலகை ஈர்த்தது, அதனால்தான் அனிமே பரவியது என்ற விளக்கத்தை இந்தக் காலத்துக்கு என்னால் ஏற்க முடியவில்லை. பிற்காலத்துக்கு அது பொருந்தலாம். 1960-களில் அந்த ஓவியத்தின் ஊரையும் பேரையும் மறைத்துத்தான் விற்றார்கள். உள்ளூர் நிலையங்களுக்குத் தினமும் அரை மணி நேரத்தை நிரப்பக் குறைந்த விலையில் படம் வேண்டியிருந்தது. வாங்கியவர் பொருளை வாங்கினார், பொருளின் பிறப்பிடத்தை வேண்டாமென்றார். அதே நேரம், கதைக்கு ஒரு சக்தி இருந்ததையும் மறுக்கக் கூடாது. மகனை இழந்த விஞ்ஞானி அவனைப் போலவே எந்திரம் செய்து, அது வளரவில்லை என்று கோபம் கொண்டு சர்க்கஸுக்கு விற்றுவிடும் தொடக்கத்தை எந்தப் பெயர் மாற்றத்தாலும் கெடுக்க முடியவில்லை. விலை கதவைத் திறந்தது, கதை உள்ளே போய் உட்கார்ந்தது.

பெயர் போனால் கதை போய்விடாது. ஆனால் ‘ஜங்குரு தைத்தே’யில் போனது கதையின் முதுகெலும்பு. 1950 முதல் 1954 வரை வெளிவந்த அந்த மங்கா ஒரு சிங்கத்தின் வாழ்நாள் முழுவதையும் சொல்வது. தந்தை பாஞ்சா கொல்லப்படுகிறான். பிடிபட்ட தாயைக் கப்பலில் கொண்டுபோகையில் லியோ பிறக்கிறான். கடலில் குதித்து நீந்துகிறான், மனிதர்களிடையே வாழ்கிறான், காட்டுக்குத் திரும்புகிறான், வளர்கிறான், குட்டிகளுக்குத் தந்தையாகிறான். கடைசியில் ஒரு பனிமலையில், சாகக் கிடக்கும் மனித நண்பரைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுக்கிறான். தன் இறைச்சி அவருக்கு உணவாகட்டும், தோல் அவருக்குப் போர்வையாகட்டும் என்பதற்காக. மூன்று தலைமுறைகள் வரும் கதை இது. காலம் ஓடுவதுதான் இதன் உயிர்.

அமெரிக்கத் தரப்பு கேட்டது இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு அத்தியாயமும் தனிக்கதையாக முடிய வேண்டும், எந்த வரிசையில் போட்டாலும் புரிய வேண்டும், லியோ குட்டியாகவே இருக்க வேண்டும். இதைக் கேட்டவர்களுக்குக் கலையுணர்வு இல்லை என்று சொல்லிக் கடந்துவிடலாம், ஆனால் அது சரியாகாது. காரணம் விநியோக முறையில் இருந்தது. இந்தத் தொடர்கள் என்பிசியின் நாடளாவிய ஒளிபரப்பில் வரவில்லை. ஊர் ஊராக உள்ள நிலையங்களுக்குத் தனித்தனியே விற்கப்பட்டன. 16 மி.மீ. படச்சுருள்கள் தபாலில் போகும், ஒரு நிலையம் காட்டி முடித்ததை அடுத்த நிலையத்துக்கு அனுப்பும். எட்டாவது அத்தியாயம் மூன்றாவதற்கு முன்பே வந்துசேரலாம். மறு ஒளிபரப்பில் வரிசை இன்னும் குலையும். சென்ற வாரம் பிடரிமயிரோடு நின்ற சிங்கம் இந்த வாரம் குட்டியாகத் திரிந்தால் நிலையத்துக்குக் கடிதங்கள் குவியும். படப்பெட்டி போன பாதை கதையின் காலத்தை நிறுத்தி வைத்தது. பெயர் விஷயத்திலும் வியாபாரக் கணக்கே வென்றது. லியோவுக்குச் சிங்கத்தைக் குறிக்கும் சுவாஹிலிச் சொல்லான ‘சிம்பா’வை வைக்க நினைத்ததாகவும், பொதுச்சொல்லுக்கு வணிக உரிமை பெற முடியாது என்பதால் முதல் எழுத்தை மாற்றிக் ‘கிம்பா’ ஆக்கியதாகவும் சொல்லப்படுகிறது. 1994-இல் டிஸ்னியின் சிங்கப் படம் வந்தபோது எழுந்த ஒப்புமைச் சர்ச்சை பெரிய விஷயம். அதற்குத் தனிப் பகுதி வேண்டும்.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. வாரத் தொலைக்காட்சி என்றாலே தனித்தனிக் கதைகள்தானே, ‘ஆட்டம்’ தொடரிலும் அப்படித்தானே இருந்தது, என்பிசி கேட்காவிட்டாலும் டெசுகா லியோவை இப்படித்தான் எடுத்திருப்பார் என்று சிலர் சொல்லக்கூடும். அனுமானத்தால் இதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, டெசுகாவே செய்கையால் பதில் சொல்லியிருக்கிறார். 52 அத்தியாயங்கள் 1966 செப்டம்பரில் முடிந்தன. அடுத்த வாரமே, அக்டோபரில், ‘முன்னேறு லியோ’ என்று பொருள்படும் தலைப்பில் புதிய தொடர் தொடங்கியது. அதில் லியோ வளர்ந்த சிங்கம். அவனுக்குத் துணை உண்டு, லூனே, ருக்கியோ என்று இரண்டு குட்டிகள் உண்டு. மங்காவில் இருந்த காலம் திரும்பி வந்துவிட்டது. என்பிசி அதை வாங்கவில்லை. 26 அத்தியாயங்களோடு 1967 மார்ச்சில் அது முடிந்தது. ஆங்கிலத்தில் அது வந்தது 1980-களில்தான். ஒரே ஆசிரியர், ஒரே நிறுவனம், ஒரே மங்கா. டாலர் இருந்த ஆண்டில் சிங்கம் வளரவில்லை, டாலர் விலகிய ஆண்டில் வளர்ந்தது. இதைவிடத் தெளிவான சான்று இந்த வரலாற்றில் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பணம் கெடுதல் மட்டுமே செய்தது என்று எழுதினால் அது நேர்மையாகாது. ‘ஜங்குரு தைத்தே’யின் பின்னணி ஓவியங்களில் உள்ள செழுமையும், இசாவோ டோமிதாவின் வாத்தியக்குழு இசையும் ‘ஆட்டம்’ தொடரின் கைக்கெட்டாதவை. வண்ணத்தை எப்படிக் கலப்பது, இரவையும் விடியலையும் எந்தச் சாயத்தில் காட்டுவது என்பதையெல்லாம் ஒரு தலைமுறைக் கலைஞர்கள் அந்தப் பணத்தில்தான் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்து வந்தவர்கள் பாடத்தை இன்னும் விரைவாகப் படித்தார்கள். தட்சுவோ யோஷிதாவும் அவர் தம்பிகள் இருவரும் 1962-இல் தொடங்கிய தட்சுனோகோ நிறுவனம் 1967 ஏப்ரலில் ‘மாக் கோ கோ கோ’வைத் தந்தது. கார் பந்தயக் கதை. நாயகன் கோ மிஃபுனே. குடும்பப் பெயர் நடிகர் தொஷிரோ மிஃபுனேவை நினைத்து வைத்தது. அதே ஆண்டில் பீட்டர் ஃபெர்னாண்டஸின் டப்பிங்கில் ‘ஸ்பீட் ரேசர்’ என்று அமெரிக்காவுக்குப் போயிற்று. கோ என்ற பையன் ஸ்பீட் என்ற பையனாகிவிட்டான். ஆனால் அவன் சட்டையில் தைத்திருந்த ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்தும், தலைக்கவசத்தில் மிஃபுனேவுக்காக எழுதிய ‘எம்’மும் அப்படியே நின்றன. வசனத்தை மாற்றலாம், ஆயிரக்கணக்கான செல் தாள்களில் வரைந்ததை எப்படி அழிப்பது? ஸ்பீடின் மார்பில் ஏன் ‘ஜி’ என்று அமெரிக்கக் குழந்தைகள் யோசித்திருக்க வேண்டும். அந்தத் தொடரும் 52 அத்தியாயங்கள்தான். ‘ஜைகான்டர்’ என்று பெயர் மாறிப் போன ‘டெட்சுஜின் 28’இலிருந்தும் 52-தான் அமெரிக்காவுக்குப் போயின. வாரத்துக்கு ஒன்றாக ஓராண்டு என்பது ஜப்பானுக்கும் பொருந்தும் கணக்கு என்பதால் இந்த எண்ணை மட்டும் வைத்து நான் வாதாடவில்லை. அமெரிக்கப் பொட்டலத்தின் அளவும் ஜப்பானியத் தொடரின் அளவும் ஒத்துப்போயின என்பதைக் குறித்துவைத்தால் போதும். அந்த அளவுக்கு மேல் போன ‘ஆட்டம்’ தொடரின் கதி என்னவாயிற்று? ஜப்பானில் 193 அத்தியாயங்கள் வந்தன. என்பிசி இரு தவணையாக வாங்கியது 104. மீதி 89-ஐ அது வாங்கவில்லை.

கடைசியாக, இந்த வரலாற்றில் மிகவும் வலிக்கும் கேள்விக்கு வருவோம். ‘ஆட்டம்’ தொடங்கிய அதே 1963-இல் தோயேயில் வேலைக்குச் சேர்ந்தவர் ஹயாவோ மியாசாகி. 1989-இல் டெசுகா மறைந்ததும் உலகமே புகழஞ்சலி எழுதிக்கொண்டிருக்கையில், மங்காக் கலைஞராக அவரை மதித்த மியாசாகி, அனிமேஷனில் அவர் செய்ததைக் கடுமையாக விமர்சித்தார். குறைந்த விலைக்குத் தொடரை விற்று, அனிமேயின் பட்ஜெட் என்றென்றைக்கும் தாழ்ந்திருக்க வழிசெய்தார் என்பது அவர் குற்றச்சாட்டு. டெசுகாவின் பக்கம் நிற்பவர்கள் சொல்வதும் எடை உள்ளதே. அந்த விலைக்கு ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் வாராந்தர அனிமே என்ற ஒன்று அன்று பிறந்திருக்காது. முஷியின் தொடக்க ஆண்டுகளில் சம்பளம் தோயேயைவிட நன்றாகவே இருந்ததென்று அங்கு வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். டெசுகா தன் மங்கா வருமானத்தையும் அந்த நிறுவனத்தில் கொட்டினார்.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரும் தாண்டிப்போகும் இடம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். முஷியால் அந்த விலைக்கு எடுக்க முடிந்தது, ஏனென்றால் அதற்குப் பின்னால் சாக்லேட், டாலர், டெசுகாவின் மங்கா என்று மூன்று பணப்பைகள் இருந்தன. விலை ஊருக்கே பொதுவாகிவிட்டது, பணப்பைகள் பொதுவாகவில்லை. ஒட்டுப்படம் விற்கும் நாயகனோ அமெரிக்க ஒப்பந்தமோ இல்லாத நிறுவனமும் அதே விலைக்கு வேலை செய்ய வேண்டியதாயிற்று. வித்தியாசத்தை எங்கிருந்து எடுப்பது? வரைபவரின் கூலியிலிருந்தும் தூக்கத்திலிருந்தும்தான். தவறு ஒரு மனிதர் பேசிய விலையில் மட்டும் இல்லை. வெளியிலிருந்து வந்து நிரப்பும் பணத்தை நம்பி உள்ளே விலையைத் தாழ்த்தி வைக்கும் ஏற்பாடு அப்படியே நிலைத்ததில் இருக்கிறது. அந்தப் பணம் நின்றபோது என்ன ஆகும் என்பதையும் முஷியே முதலில் காட்டிக்கொடுத்தது. டெசுகா 1971-இல் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார், 1973-இல் முஷி திவாலானது.

அந்த ஏற்பாடு இன்னும் மறையவில்லை. 1995-இல் வந்த ‘கோஸ்ட் இன் த ஷெல்’ படத்துக்கு மங்காவை வெளியிட்ட கோடான்ஷாவோடு பிரிட்டனின் மங்கா எண்டர்டெயின்மென்ட் நிறுவனமும் தயாரிப்பிலேயே பணம் போட்டது. வரப்பில் நின்றவர் பங்காளியாக வயலுக்குள் வந்துவிட்டார். ஜப்பானிய அனிமேஷன் சங்கத்தின் கணக்குப்படி, 2020-இல் அனிமேயின் வெளிநாட்டுச் சந்தை முதன்முறையாக உள்நாட்டுச் சந்தையைத் தாண்டியது. 2023-இல் வெளிநாட்டுப் பங்கு மட்டும் சுமார் 1.72 லட்சம் கோடி யென். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது: பெயர்களை இன்று யாரும் மறைப்பதில்லை. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ படம் தமிழ்க் குரலோடு நம் ஊர்த் திரையரங்குகளுக்கு வந்தபோது கமாடோ டான்ஜிரோ கமாடோ டான்ஜிரோவாகவே வந்தான்.

லியோவுக்கு வருவோம். 1997 ஆகஸ்டில் டெசுகா புரொடக்‌ஷன்ஸ் ‘ஜங்குரு தைத்தே’யைத் திரைப்படமாக வெளியிட்டது. மங்காவின் பிற்பகுதியை எடுத்துக்கொண்ட படம் அது. பனிமலையில் நண்பருக்காக உயிரைக் கொடுக்கும் லியோவின் மரணம் அதில் முழுமையாக இடம்பெற்றது. அப்போது டெசுகா இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

(தொடரும். அடுத்த பகுதியில்: 1978, பிரான்சிலும் இத்தாலியிலும் இறங்கிய எந்திர மனிதன்.)